தூணும் கல்லும்

புதுச்சேரியில் தமிழர் வாழும் பகுதியின் பழைய வீடுகளுக்குத் திண்ணையை அடுத்துத் தெருவோரமாக ஒரு தாழ்வாரம் உண்டு. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கட்டும் என்று முன்னோர்கள் இறக்கிய கூரை அது. அதைத் தாங்கும் மரத்தூண்கள் மண்ணில் ஊன்றப்படவில்லை, கல்லின்மேல் நிற்கின்றன. ஏன் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. பிள்ளைகளைக் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது வெட்கமான விஷயந்தான்.

2011 டிசம்பர் 30-ந் தேதி அடித்த 'தானே' புயலுக்குப் பிறகு நம் வீட்டுத் தூண் ஒன்றின் அடி சற்று இற்றிருந்தது. அவசரப்பட்டு, கல்லோடு சேர்த்து முழங்கால் உயரத்துக்கு ஸிமிண்டு பூசச் சொன்னோம். பார்வைக்குக் கவசம் போலிருந்தது. சில வருஷங்களில் தூண் சாய்ந்தது. ஆசாரியார் வந்து பூச்சைத் தட்டி எடுத்தார். உள்ளே தேக்கு இல்லை, ஈரப்பொடிதான் இருந்தது.

"கல்லு மேலே நின்ன மரம் நனைஞ்சாலும் காஞ்சிடும், ஐயா! நீங்க அதுக்கு ஈரச் சட்டையல்லவா மாட்டிட்டீங்க?" என்றார்.

அறுத்த மரமுனையில் நுண்குழாய்கள் வாய் திறந்திருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை ஈரத்தை இழுக்கும். கருங்கல் அந்த வழியை அடைக்கிறது. கறையானும் கல்லைக் கடக்க வெளிப்படையாக மண்பாதை கட்டியாகவேண்டும். வாசல் பெருக்குகிறவர் கண்ணுக்கு அது தப்பாது. நம் ஸிமிண்டு ஈரத்தைக் காத்தது, கறையானை மறைத்தது.

உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, இற்ற பாகத்தை அறுத்தெறிந்தார். புதுத் துண்டை இருத்தவேண்டிய கல்லோ மேடும் பள்ளமுமாயிருந்தது. "கல்லைக் கொத்திச் சமன் செய்யலாமே!" என்றோம்.

"கொத்தினால் குழி விழும், குழியிலே தண்ணி நிற்கும். மரந்தான் கல்லுக்கு இணங்கணும்."

கல்லில் காவி தடவி, துண்டை அதன்மேல் வைத்து எடுத்து, காவி பட்ட இடத்தை மட்டும் உளியால் சீவினார். எத்தனை தடவை வைத்து எடுத்தாரோ! மாலைக்குள் இரண்டும் கவ்விக்கொண்டன. பிறகே அதைப் பழைய தூணோடு பாதிக்குப் பாதி வெட்டி இணைத்தார்.

ஜப்பானியத் தச்சர்களும் இப்படித்தான். இயற்கைக் கல்லைச் செதுக்காமல், அதன் மேடுபள்ளத்தைத் தூணின் அடியில் மையால் வரைந்து மரத்தைக் குடைவார்கள்.

நம் ஊர் வைசியாள் வீதியின் பழைய முகப்புகளைச் சீர்திருத்திய பணிக்கு 2008-ல் யுனெஸ்கோவின் பாராட்டு விருது கிடைத்தது. மகிழ்ச்சியே. ஆனால் மற்ற வீதிகளில் எத்தனையோ தாழ்வாரங்கள் மறைந்துவிட்டன. பழைய வீடு வைத்திருக்கும் நேயர்கள் ஸிமிண்டு மூட்டை வாங்குமுன் ஓர் ஆசாரியாரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த அடைமழையில் கீரைக்கார அம்மாள் ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு, அந்தத் தூணில் சாய்ந்து நின்றாள். நாம் உள்ளேயிருந்து சற்றுப் பயத்தோடுதான் பார்த்தோம். தூண் அசையவில்லை.