தரையை விட்டு ஒரு முழம்

காட்டில் இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டி அதில் படுத்துத் தூங்குகிறவர்களிடம், இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் தூங்காத ஓர் இரவிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். விடிய விடிய முதுகில் உறுத்திய வேர், சரிவான இடத்தில் கூடாரம் போட்டு அதன் மூலைக்கே உருண்டு போனது, தரையோடு ஓடி உள்ளே வந்த மழைத்தண்ணீர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருந்த வருடங்களில் இந்தக் கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். அப்பலாச்சியன் நடைபாதை அங்கேதான் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்குகிறது. 14 மாநிலங்களைக் கடந்து, வடக்கே மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் சிகரம் வரை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் நீளம்.

வழிநெடுக மரக்கொட்டகைகள் உண்டு. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, பலகைத் தரை. ராத்திரியில் எலிகள் தலைமாட்டில் ஓடும். மெய்ன் வரை நடக்கிறவர்கள் கிளம்பும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்தப் பலகையிலும் இடம் கிடைக்காது. வெளியே சமதரை தேடலாமென்றால் கல்லும் வேரும் ரோடோடென்ட்ரான் புதரும்தான்.

அப்படியொரு மழைச் சாயங்காலத்தில்தான் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரரைப் பார்த்தேன். கொட்டகைக்குள் ஆட்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருக்க, அவர் எங்களைத் தாண்டி, கால் வைத்தாலே வழுக்கும் ஒரு சரிவுக்கு இறங்கினார். அங்கே இரண்டு ஓக் மரங்கள். முதலில் தார்ப்பாயை உயரத்தில் கட்டினார். அது தந்த காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, அகலமான பட்டை நாடாவை இரண்டு மரங்களிலும் சுற்றினார். பிறகு ஹேமக் என்கிற அந்தத் துணிப் படுக்கையைப் பையிலிருந்து எடுத்து நேராக நாடாவில் மாட்டினார். துணி தரையைத் தொடவே இல்லை, ஒரு சொட்டு நனையவும் இல்லை. கால் மணி நேரத்துக்குள் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை காப்பி போட்டுக்கொண்டே, "படுத்துப் பார்" என்றார். நேராகப் படுத்தேன், உடம்பு வில்லாக வளைந்தது. "காலை ஒரு பக்கம் தள்ளு, தலையை எதிர்ப்பக்கம் கொண்டு போ" என்றார். குறுக்காகத் திரும்பியதும் துணி விரிந்து கொடுத்தது, முதுகு சமமாக நிமிர்ந்தது. முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஒரு பாரமும் இல்லை. சில நிமிடங்கள்தான். நான் இந்தப் பழக்கத்துக்கு வந்த கதை அவ்வளவுதான், மற்றவர்கள் வந்த கதையும் கிட்டத்தட்ட இதுவேதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கடையில் பார்த்து வாங்கி இதில் நிலைத்தவர்களை நான் அதிகம் அறியேன். யாரோ ஒருவர் தன் படுக்கையைக் கொடுத்திருப்பார்.

குறுக்காகப் படுப்பதை அட்லாண்டாவில் எனக்குப் பழக்கமான ஒரு பிரேசில்காரப் பெண்ணிடம் சொன்னபோது, வேறெப்படிப் படுப்பார்கள் என்று கேட்டார். அமேசான் முகத்துவாரத்து பெலெம் நகரத்துக்காரர். அந்தப் பக்கத்து வீடுகளில் ஹேமக் மாட்டுவதற்கென்றே சுவரில் கொக்கி பதித்திருப்பார்களாம். பெலெமிலிருந்து ஆற்றை எதிர்த்து மனௌஸ் வரை நாட்கணக்கில் போகும் படகுகளில் பயணிகள் தங்கள் ஹேமக்கைத் தாங்களே கொண்டுவந்து தளத்தில் வரிசையாக மாட்டிக்கொள்கிறார்கள். கொலம்பஸ் 1492-ல் பஹாமா தீவுகளில் இறங்கியபோது பருத்தி வலையில் மக்கள் தூங்குவதைக் கண்டு குறித்து வைத்தார். ஆடும் கப்பலில் மாலுமி உருண்டு விழாமல் இருக்க அதுவே படுக்கையானது. அப்பலாச்சிய மலையில் சிலருக்குப் புதிதாகத் தெரிவது தெற்கே கோடிக்கணக்கானவர்களுக்குத் தாய்வீட்டுப் படுக்கை. அவர்களிடம் கேட்டுத்தான் நாம் கற்க வேண்டும்.

நம் தூளியும் நினைவுக்கு வராமல் இல்லை. அம்மாவின் பழைய நூல் சேலையை உத்தரத்தில் போட்டு இரு தலைப்பையும் சேர்த்து முடிச்சுப் போடுவார் பாட்டி. துணி முகத்தில் மூடிவிடாமல் குறுக்கே ஒரு கட்டை செருகுவார். குழந்தைக்கு அது தேவை. பெரியவர்களின் ஹேமக்குக்கு அது ஆகாது. தோட்டத்து விளம்பரங்களில் வருகிற, இரு முனையிலும் மரச்சட்டம் வைத்த வகை, கொஞ்சம் புரண்டாலும் ஆளைக் கவிழ்த்துவிடும். அதில் ஏறி விழுந்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று போனவர்கள் எத்தனையோ பேர். மலையேறுகிறவர்கள் முனையைச் சுருக்கிக் கட்டிய வகையைத்தான் எடுத்துப் போகிறார்கள்.

தபால்காரரின் கதைக்கு வருகிறேன். பல வருடம் பையைத் தோளில் சுமந்து நடந்ததில் இடுப்பு போயிற்று. தரையில் படுத்தால் காலையில் எழ முடியவில்லை. நடையை விட்டுவிடலாம் என்றிருந்தபோது ஒரு நண்பர் தன் ஹேமக்கோடு வட கரோலினாக்காரர் எட் ஸ்பியர் 2003-ல் எழுதிய புத்தகத்தையும் கொடுத்தார். அதைப் படித்துத் தையல் இயந்திரத்தில் தானே ஒன்று தைத்துக்கொண்டார். சுமார் 3.3 மீட்டர் நீளத் துணி, இரு முனையிலும் சுருக்கு, அவ்வளவுதான் அதன் இரகசியம்.

ஆனால் வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவது குளிர் என்றார். வெப்பமான மாலையில் ஆசையாகக் கட்டிப் படுப்பார்கள், பின்னிரவில் முதுகு விறைத்து எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். தூங்குபையின் பஞ்சுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. உடம்பின் எடையில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிப்போனால் அங்கே காற்றில்லை, கீழே ஓடும் வெளிக்காற்று சூட்டை உருவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் அண்டர்குவில்ட் என்கிற மெத்தையை ஹேமக்குக்கு வெளியே, நசுங்காதபடி அடியில் தொங்கவிடுகிறார்கள். முதல் இரவில் இதை யாரும் சொல்லாமல் விட்டால் அந்த ஆள் மறுபடி வரமாட்டார்.

கயிற்றை விறைப்பாகக் கட்டினால்தான் நேராக இருக்கும் என்பது புதியவர்களின் இன்னொரு எண்ணம். 70 கிலோ எடையுள்ளவர் படுத்திருக்கையில் நாடா 30 பாகை சாய்வில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவை. 10 பாகைக்கு இறுக்கினால் அதுவே 200 கிலோ. நாடாவும் தாங்காது, மரமும் பாவம். தொய்வாகக் கட்டி, உட்கார்ந்தால் தரையிலிருந்து ஒரு முழ உயரம் இருக்கும்படி விட்டால் போதும்.

மரத்தை அண்ணாந்து பார்க்கவும் தபால்காரர்தான் கற்றுக்கொடுத்தார். ஆசியாவிலிருந்து வந்த ஒரு சின்னப் பூச்சி அந்த மலைகளின் ஹெம்லாக் மரங்களை வரிசையாகக் கொன்றுகொண்டிருந்தது. பட்டுப்போனவை நின்றபடியே இருக்கும், ஒரு காற்றில் கிளை முறியும். கட்டும் இடத்துக்கும் விதி உண்டு. அடுத்த மாநில எல்லையிலுள்ள ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் குறிப்பிட்ட முகாமிடங்களில் மட்டுமே ஹேமக் கட்டலாம், கொட்டகைத் தூணில் கட்டக் கூடாது. இந்த விதிகளை அவர் மதித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. கல்லை நகர்த்தாமல், மண்ணைச் சமப்படுத்தாமல், செடியை நசுக்காமல் ஓர் இரவைக் கழிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆசை வந்தால் உடனே வாங்கிவிடாதீர்கள். வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்து, அனுமதியுள்ள இடத்திலோ வீட்டுத் தோட்டத்திலோ ஒரு பகல் படுத்துப் பாருங்கள். தென்னையில் கட்டுவதானால் காயும் பழுத்த மட்டையும் தலைக்கு மேல் இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: எட்ட நின்று பார்க்கிற ஆளைக் கூப்பிட்டு, எழுந்து இடம் கொடுங்கள். குறுக்காகப் படுக்கச் சொல்லவும், முதுகுக்குக் கீழே குளிரும் என்று எச்சரிக்கவும் மறக்காதீர்கள்.