பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கல் முடிந்து நான் கடலூர் போய்ப் படகு பார்த்துவிட்டு வந்த செய்தி குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. "கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்குப் படகு?" என்று நாத்தனார் கேட்டார். "பென்ஷன் பணத்தைக் கடல்ல போடப் போறீங்களா அத்தை?" என்று அண்ணன் மகன் கேட்டான். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பழைய டிராக்டரோ ஆயில் இன்ஜினோ வாங்க நினைப்பவர்களுக்கும் இதில் பாதி பயன்படும்.

இளைய பிள்ளைகளுக்கு ஒரு தகவல். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரியும்வரை கடலூரும் கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். 2019இல்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. ஆசிரியர் பயிற்சி முடித்து 1984இல் எனக்கு முதல் வேலை கிடைத்தது கடலூர் பக்கம் ஒரு மீனவ கிராமத்தில். அப்புறம்தான் மாறுதலில் இந்த மலையடிவாரத்துக்கு வந்தேன். எனக்குக் கடற்கரையிலும் மாணவர்கள் உண்டு, மலையிலும் உண்டு.

அந்தக் கடற்கரைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் படித்தான். பெயர் வேண்டாம். வாய்ப்பாடு ஒப்பிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவன் அப்பா வியாபாரியிடம் முன்பணம் வாங்கி ஒரு பழைய படகு எடுத்தார். இன்ஜின் ஆறு மாதத்தில் படுத்துவிட்டது. கடன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வரிசையாக "ஆ" போட்டேன். வீட்டுக்குப் போய்க் கேட்டதற்கு அவன் அம்மா, "கடன் அடையட்டும் டீச்சரம்மா, அனுப்புறேன்" என்றார். கடன் அடைய ஒன்பது வருஷம் ஆனது. பள்ளிக்கூடம் அதோடு போயிற்று.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது. இத்தனை வருஷமும் அடுத்தவர் படகில் பங்குக்குத்தான் போய்வருகிறான். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். டிசம்பரில் போன் செய்தான். "டீச்சர், இன்போர்டு வச்ச பைபர் படகு ஒண்ணு விலைக்கு வருது. மூணு லட்சத்து நாப்பதாயிரம் சொல்றாங்க. வீட்டுக்காரம்மா நகை இருக்கு. ஒரு லட்சம் குறையுது" என்றான். பணம் கொடுப்பது பெரிதில்லை. ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பிள்ளையின் படிப்பு ஒரு பழைய படகால் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். "படகைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் தம்பி" என்றேன்.

எனக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்? அதனால் கச்சிராயபாளையத்தில் டீசல் மெக்கானிக்காக இருக்கும் இன்னொரு மாணவனைக் கூட்டிக்கொண்டு பேருந்து ஏறினேன். அவன் ஜீப், டிராக்டர், போர்வெல் கம்ப்ரசர் எல்லாம் பிரித்து மாட்டுகிறவன். படகில் கால் வைத்ததே அன்றுதான்.

*இன்ஜின்*

விற்பவர் முதலில் காட்டியது இன்ஜினைத்தான். எல்லாரும் அதைத்தான் முதலில் காட்டுவார்கள். ஸ்டார்ட் செய்யப் போனவரை என் மெக்கானிக் நிறுத்தி, இன்ஜின் பிளாக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. அது நல்ல அடையாளம். நாம் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்யும் இன்ஜின்கூட நம் முன்னால் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். சூடாக இருந்தால் பேசாமல் கிளம்பிவிட்டு மறுநாள் சொல்லாமல் வர வேண்டும் என்றான்.

அடுத்து ஆயில் பார்க்கும் கம்பியை உருவினான். ஆயில் கறுப்பாக இருந்தால் பயமில்லை, டீசல் இன்ஜினில் அப்படித்தான் இருக்கும். மோர் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. கியர் பாக்ஸ் ஆயிலையும் இதே மாதிரி பார்க்க வேண்டும்.

பிறகு புகை. கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. நாசில் கெட்டிருக்கலாம், காற்று போதாமல் இருக்கலாம், சுமை அதிகமாக இருக்கலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன. ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெண்புகை வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் கம்ப்ரஷன் குறைவு, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா என்றும் பார்த்தான். தள்ளினால் ரிங் போய்விட்டது என்று பொருள்.

கரையில் கட்டிப்போட்டு ஓட்டிக் காட்டினால் போதாது என்பதில் அவன் பிடிவாதமாக இருந்தான். உப்பனாற்றிலிருந்து முகத்துவாரம் தாண்டி ஒரு மணி நேரம் ஓட்டச் சொன்னான். திரும்பி வந்து, "டீச்சர், ஜீப்புக்கு வெள்ளிமலை ஏத்தம் முடிஞ்சா இறக்கம் வரும். இன்ஜின் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கும். கடல்ல இறக்கமே கிடையாது. நாள் முழுக்க ஏத்தம்தான்" என்றான். நாற்பது வருஷம் பாடம் நடத்திய எனக்கு இப்படிச் சொல்ல வந்திருக்குமா தெரியாது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போவதால் படகு இன்ஜின் எப்போதும் சுமையோடுதான் ஓடுகிறது. முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினால்தான் சூடு ஏறுகிறதா, குளிர்விக்கும் தண்ணீர் குழாயில் தடையில்லாமல் வந்து விழுகிறதா என்று தெரியும். இணைப்புகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அங்கே கசிவு இருக்கிறது.

எல்லாம் பார்த்துவிட்டு அவன் சொன்ன தீர்ப்பு: "நல்ல இன்ஜின்." கடற்கரை மாணவன் முகம் மலர்ந்துவிட்டது.

*படகின் உடல்*

ஆனால் இன்ஜின் ஓடும்போதே இன்னொன்றையும் கவனித்திருக்கிறான். இன்ஜின் உட்கார்ந்திருக்கும் பெட், போல்ட்டோடு சேர்ந்து மெல்ல ஆடியது. பைபர் படகில் அந்த பெட்டுக்கு உள்ளே மரக்கட்டை வைத்து மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளே மரம் மக்கும், வெளியே பைபர் பளபளப்பாகவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தான். கெட்டியான இடத்தில் "டக் டக்" என்று கேட்டது. பெட்டுக்குப் பக்கத்திலும் பின்பக்கப் பலகையிலும் "தொப் தொப்" என்றது. நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பக்காரர்கள் கட்டையைத் தட்டிப் பார்த்து உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்வார்கள் அல்லவா, அதே வித்தைதான்.

மற்றவை: புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சாய்வெயிலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள், ஒட்டுப்போட்ட இடங்கள் மேடு பள்ளமாகத் தெரியும். நட்சத்திரம் போல விரிசல் இருந்தால் அங்கே அடிபட்டிருக்கிறது. அடிப்பாகத்தில் கொப்புளம் இருந்து, குத்தினால் காடி வாடையோடு நீர் வந்தால் பைபருக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறது. மணலில் இழுத்து ஏற்றும் படகு என்றால் அடிக்கட்டை தேய்ந்திருக்கும். சாப்ட் வெளியே போகும் இடத்தில் நிற்காமல் தண்ணீர் வழிகிறதா என்றும் பாருங்கள்.

மரப்படகு என்றால் தண்ணீருக்குக் கீழே இருக்கும் பலகையைக் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். கடல் புழு வெளியே ஊசித் துளை அளவுதான் காட்டும், உள்ளே பலகையைச் சல்லடையாக்கி வைத்திருக்கும்.

இன்ஜின் கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். உடல் கெட்டால் நல்ல இன்ஜினும் அதோடு தண்ணீருக்குள் போகும். மலைப் பாதையில் வண்டி நின்றால் இறங்கி நடக்கலாம். அங்கே இறங்க இடமில்லை.

*காகிதமும் கடனும்*

அவர்கள் இருவரும் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் என் வேலையைப் பார்த்தேன். ஆவணங்களை வாங்கிப் படித்தேன்.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. அதன்படி படகு மீன்வளத்துறையில் பதிவாகியிருக்க வேண்டும். படகில் எழுதியுள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றா, இன்ஜின் எண் பொருந்துகிறதா, விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் மாற்றாமல் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினால் மானிய டீசல், காப்பீடு, நிவாரணம் எதுவும் நம் பெயருக்கு வராது.

இந்தப் படகு 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உதவியாகக் கொடுக்கப்பட்டது. அப்போது பல இடங்களில் நாலைந்து குடும்பத்துக்கு ஒரு படகு என்று கொடுத்தார்கள். அவசரத்தில் செய்த படகுகளில் தரம் குறைந்தவையும் உண்டு. இதிலும் நான்கு பேர் பெயர் இருந்தது. விற்க வந்தவர் ஒருவர்தான். ஒருவர் இறந்துவிட்டார், அவர் மனைவியிடம் யாரும் கேட்கவே இல்லை. நாலு பேர் பொருளை ஒருவர் எப்படி விற்பது?

பிறகு மீன் விற்கும் பெண்களிடம் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். "அந்தப் படகா? தீபாவளியில இருந்து கடலுக்குப் போகல டீச்சர். ஒருத்தன் வலை இழுத்தா ஒருத்தன் தண்ணி இறைக்கணும்" என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். படகின் மேல் ஒரு வியாபாரியின் முன்பணம் நிற்கிறதாம். பிடித்த மீனை அவரிடமே போட வேண்டும், அவர் சொல்வதே விலை, அதிலும் கமிஷன் பிடித்துக்கொள்வார். இந்தக் கடன் எந்தச் சான்றிதழிலும் இருக்காது. ஆனால் படகோடு சேர்ந்து வரும். வாங்குவதற்கு முன் வங்கி, கூட்டுறவு சங்கம், வியாபாரி, ஊர்ப் பஞ்சாயத்து நான்கு இடத்திலும் விசாரிக்க வேண்டும்.

பெரிய விசைப்படகு பார்ப்பவர்கள் கூடுதலாக ஒன்று கவனியுங்கள். தமிழக விதிப்படி 240 குதிரைத் திறனுக்கு மேல் இன்ஜின் கூடாது. அதிவேக இன்ஜின் மாட்டிய படகு மலிவாக வந்தால், அது ஏன் மலிவு என்று கேளுங்கள்.

*கணக்கு*

மாலையில் டீக்கடை பெஞ்சில் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டோம். கேட்ட விலை 3,40,000. பெட்டும் பின்பலகையும் புதிதாகக் கட்ட ஆள் கூலியோடு 70,000 என்று அங்கிருந்த படகுத் தச்சர் சொன்னார். வலை, கயிறு, பேட்டரி, உயிர்காப்பு அங்கி 60,000. முதல் மாதம் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவுக்குக் கையில் 40,000 வேண்டும். மொத்தம் 5,10,000. அவன் மனதில் இருந்தது 3,40,000 மட்டும். இடையில் உள்ள 1,70,000 எங்கிருந்து வரும்? வியாபாரியிடம் முன்பணமாகத்தான் வரும். அதாவது அவன் அப்பா நின்ற அதே இடம்.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இன்ஜின் சத்தத்துல மயங்கிட்டேன் டீச்சர்" என்றான். விற்பவரும் கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் அவசரம். கொடுத்திருந்த ஐந்தாயிரம் அட்வான்ஸை முகம் சுளிக்காமல் திருப்பிக் கொடுத்தார். நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு, வியாபாரி கணக்கும் முடிந்தால், இன்ஜினை மட்டும் தனியாகப் பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். படகின் அடிவயிற்றைப் பார்க்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. தச்சரும் மெக்கானிக்கும் அங்கேயே இருப்பார்கள். அதுவரை பொறு என்று சொல்லியிருக்கிறேன். என் ஒரு லட்சம் வங்கியில்தான் இருக்கிறது, அண்ணன் மகன் நிம்மதியாகத் தூங்கலாம். நல்ல படகு கிடைத்தால் அது அவனுக்குத்தான்.

போன வாரம் அவனே கூப்பிட்டான். பரங்கிப்பேட்டைப் பக்கம் இன்னொரு படகாம். "காலையில ஆறு மணிக்கே போனேன் டீச்சர். இன்ஜின்ல கை வச்சேன், சூடா இருந்துச்சு. நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றான். மறுநாள் சொல்லாமல் போயிருக்கிறான். நாற்பது நிமிஷம் ஆகியும் ஸ்டார்ட் ஆகவில்லையாம். சிரித்துக்கொண்டே சொன்னான்.

கடலூர், நாகை, காரைக்கால் பக்கம் இருக்கும் மாணவர்கள், ஆவணம் சரியாக உள்ள நல்ல பைபர் படகு விலைக்கு வந்தால் எனக்குத் தனியாகத் தகவல் அனுப்புங்கள். மெக்கானிக் தம்பி வரத் தயாராக இருக்கிறான். பேருந்துக் கட்டணமும் மதியம் மீன் சாப்பாடும் போதுமாம்.

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்