மலிவு விலையில் ஒரு துடுப்பு

கயாக் வாங்க நினைப்பவர்கள் படகைப் பற்றி ஒரு மாதம் யோசிப்பார்கள். என்ன நிறம், எத்தனை பேர் உட்காரலாம், மொட்டை மாடிக்கு ஏற்ற முடியுமா என்று விவாதம் நடக்கும். துடுப்புக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. "ஏதாவது ஒண்ணு போதும்டா" என்பதோடு முடிந்துவிடும். ஆனால் தண்ணீரில் இறங்கியபின் கையில் இருப்பது துடுப்பு மட்டும்தான். படகுக்கு எஞ்சின் கிடையாது, பாய் கிடையாது, பிரேக்கும் கிடையாது. மூன்று வேலையையும் அதுதான் செய்ய வேண்டும்.

புதுச்சேரியில் இதற்குத் தோதான தண்ணீர் இருக்கிறது. செஞ்சி மலைப்பக்கம் இருந்து வரும் சங்கராபரணி ஆறு கடலை நெருங்கும்போது பிரிகிறது. ஒரு கிளை அரியாங்குப்பம் ஆறு, இன்னொன்று சுண்ணாம்பாறு. கடலூர் சாலையில் நோணாங்குப்பத்தில் இருக்கும் படகு குழாம் சுண்ணாம்பாற்றின் கரையில்தான் இருக்கிறது. பாரடைஸ் பீச் போகிறவர்கள் அங்கிருந்துதான் படகேறுகிறார்கள். அரியாங்குப்பம் ஆற்றுப்பக்கம் போனால் அலையாத்திச் செடிகள் வரும், தேங்காய்த்திட்டு வரும், அரிக்கமேடும் வரும். 1945ல் மார்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரி வணிகத்தின் தடயங்களை உலகத்துக்குக் காட்டிய அதே அரிக்கமேடு! ரோம் நாட்டுச் சரக்கு வந்து இறங்கிய கரையை ஒரு பிளாஸ்டிக் படகில் உட்கார்ந்து பார்ப்பதில் ஒரு தனி சுகம் உண்டு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் வாடகைக் கயாக் எடுப்பவர்கள் துடுப்பு வாங்கவே வேண்டாம். படகோடு அதையும் கொடுத்துவிடுவார்கள். மூன்று நண்பர்கள் காசு போட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு கயாக் வாங்குகிறார்கள், துடுப்பு மட்டும் இல்லை, மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் மிச்சம் இருப்பது நாலாயிரம் ரூபாய். இந்தக் கட்டுரை அப்படிப்பட்டவர்களுக்கு.

முதலில் பெயர்க் குழப்பம். தமிழில் எல்லாமே துடுப்புதான். களி கிண்டுவதும் துடுப்பு, கட்டுமரம் தள்ளுவதும் துடுப்பு. கடைக்காரர்களுக்கு அப்படி இல்லை. 'ஓர்' என்று போட்டிருந்தால் அது படகின் விளிம்பில் மாட்டி, போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இழுப்பது. 'எஸ்.யு.பி. பேடில்' என்றால் நின்றுகொண்டு தள்ளும் ஒற்றை இலைத் துடுப்பு. கயாக்குக்கு வேண்டியது இரண்டு முனையிலும் இலை உள்ள 'கயாக் பேடில்'. ஆன்லைனில் அவசரமாக ஆர்டர் போடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இருபுறமும் மாற்றி மாற்றித் தள்ளும் வித்தை இந்தக் கரைக்கு ஒன்றும் புதிதல்ல. கட்டுமரத்துக்காரர்கள் முழந்தாளிட்டு, நீளமான மூங்கில் பிளாச்சை இடம் வலம் மாற்றிப் போட்டு அலையைத் தாண்டியவர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் நிறைய வந்து, கட்டுமரம் குறைந்துபோனது வேறு கதை.

இப்போது நீளம். விலையைவிட முக்கியமான விஷயம் இதுதான். நல்ல நீளத்துக்கும் தப்பான நீளத்துக்கும் ஒரே விலை. ஆகவே இங்கே கவனமாக இருந்தால் காசு செலவில்லாமலே லாபம்.

துடுப்பின் நீளத்தை முடிவு செய்வது முதலில் படகின் அகலம், அப்புறம் ஆளின் உயரம். நம்மூரில் அதிகம் புழங்குவது மேலே உட்கார்ந்து ஓட்டும் அகலமான பிளாஸ்டிக் கயாக். அகலம் 75 செ.மீ. முதல் 85 செ.மீ. வரை இருக்கும். அதற்கு 230 அல்லது 240 செ.மீ. துடுப்பு சரியாக வரும். ஐந்தரை அடிக்குக் கீழே உள்ளவர்கள் 230, அதற்கு மேல் 240 என்று எடுத்துக்கொள்ளலாம். 60 செ.மீ. அகலத்துக்குள் இருக்கும் ஒல்லியான கயாக் என்றால் 210, 220 போதும்.

குட்டையாக இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீரைத் தேட வேண்டும். விரல் முட்டி படகின் விளிம்பில் இடிக்கும். அரை மணி நேரத்தில் தோல் உரியும். காற்றடித்து ஊதும் படகுகளில் இந்தக் கூத்தை அதிகம் பார்க்கலாம். உதாரணத்துக்கு, இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 என்ற இரட்டை ஆள் படகின் அகலம் 91 செ.மீ. கூடவே பெட்டியில் வரும் துடுப்பு 86 அங்குலம், அதாவது சுமார் 218 செ.மீ. அட்டவணைப்படி பார்த்தால் இருபது செ.மீ.க்கு மேல் குறைகிறது. இலவசமாக வந்ததே என்று அதையே வைத்துப் போராடுவதைவிட, தனியாக ஒரு 240 வாங்குவது நல்லது. அதற்காக ரொம்ப நீளமாகவும் போகக்கூடாது. தோள் வலிக்கும், படகின் மூக்கு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே போகும்.

கயாக்கைக் கண்டுபிடித்த வடதுருவத்து மக்களிடம் அட்டவணையெல்லாம் இல்லை. கிரீன்லாந்தில், இரண்டு கையையும் விரித்த நீளம், அதோடு முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு நீளம், இரண்டையும் கூட்டித் துடுப்பு செதுக்கினார்கள். நம் கணக்கில் ஒரு பாகமும் ஒரு முழமும்! மீனவர்கள் கடல் ஆழத்தைச் சொல்வதும் பாகக் கணக்கில்தான். ஐந்தரை அடி ஆளுக்கு இது ஏறத்தாழ 213 செ.மீ. வரும். அவர்களுடைய படகு மிக ஒல்லி, அதனால் அது அங்கே சரி. நம்முடைய தொட்டி மாதிரிப் படகுக்கு இன்னும் ஒரு சாணாவது சேர்க்க வேண்டும்.

அடுத்தது எடை. அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் இலையும் உள்ள சாதாரணத் துடுப்பு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கார்பன் ஃபைபர் என்றால் எண்ணூறு கிராமுக்குக் கீழே. நிமிடத்துக்கு 40 முறை போடுகிறோம் என்றால் ஒரு மணி நேரத்தில் 2400 முறை. 300 கிராம் வித்தியாசம் 720 கிலோ என்று கடைக்காரர் கணக்குப் போட்டுக் காட்டலாம். கணக்கு தப்பில்லை. நாள் முழுக்கப் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயமும்கூட. ஆனால் பாரடைஸ் பீச் வரை போய், மணலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுவிட்டுத் திரும்புகிறவனுக்கு அந்த 300 கிராம் எதற்கு? ஒரு நல்ல கார்பன் துடுப்பின் விலையில் அலுமினியத் துடுப்பு ஐந்தாறு வாங்கிவிடலாம். இங்கே மட்டி ஒட்டிய கல்லிலும் அலையாத்தி வேரிலும் அடிக்கடி இடிக்கும் வேறு. விலை உயர்ந்த இலை சில்லு பெயர்ந்தால் வயிறு எரியும். பிளாஸ்டிக் இலைக்குக் கீறல் விழும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை, அலுமினியம் வெயிலில் அடுப்பு மாதிரி சுடும். சித்திரை, வைகாசியில் கரையில் வைத்துவிட்டு வந்து பிடித்துப் பாருங்கள், தெரியும். கை பிடிக்கும் இடத்தில் சைக்கிள் ஹேண்டில்பாருக்குச் சுற்றும் டேப்பைச் சுற்றிவிட்டால் தீர்ந்தது.

மலிவுத் துடுப்பு கைவிடுவது பெரும்பாலும் நடு இணைப்பில்தான். இரண்டு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஒரு பித்தானை அமுக்கிப் பூட்டுவார்கள். இரண்டு துண்டாக இருப்பது நமக்கு வசதி. 230 செ.மீ. துடுப்பு 115 ஆகிவிடும், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தவர் பிடித்துக்கொண்டு வரலாம், கடலூர் பஸ்ஸிலும் கண்டக்டர் முறைக்காமல் ஏறலாம். ஆனால் வாங்கும்போது கடையிலேயே மாட்டி, இரண்டு முனையையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். லேசாகக் கடகடவென்று ஆடினால் வைத்துவிட்டு வாருங்கள். புதிதிலேயே ஆடுவது பத்து நாளில் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொள்ளும். பித்தானின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடிக்காத எஃகா என்று கேளுங்கள். குழாயின் வாய் அடைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடைப்பு இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் புகும், கை நழுவினால் துடுப்பு மிதப்பதற்குப் பதில் முழுகிவிடும்.

இணைப்புக்கு ஏன் இத்தனை பாட்டு என்றால், சுண்ணாம்பாறு குளம் இல்லை, அதற்கு முகத்துவாரம் இருக்கிறது. ஆனி, ஆடியில் காலை நேரத்தில் மேல்காற்று வீசும், கரையிலிருந்து கடலைப் பார்த்து. கடல் காற்று திரும்புவது மதியத்துக்கு மேல்தான். காலையில் வற்றும் நேரமும் சேர்ந்துகொண்டால் தண்ணீரும் காற்றும் ஒரே பக்கம் தள்ளும், வெளியே. புதுச்சேரியில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனாலும் குறுகலான வாயில் அந்தத் தண்ணீர் எல்லாம் வெளியேற வேண்டுமே. அந்த இடத்தில் துடுப்பு இரண்டாகக் கழன்றால் கையில் அரைத் துடுப்பும் எதிரே வங்காள விரிகுடாவும்தான் மிச்சம். ஆகவே முகத்துவாரப் பக்கம் போகவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பெய்து ஆற்றில் வெள்ளம் வரும் ஐப்பசி, கார்த்திகையில் எந்தப் பக்கமும் வேண்டாம்.

அந்த நாலாயிரத்தில் முதலில் லைஃப் ஜாக்கெட், அதற்குப் பிறகு துடுப்பு. மூன்று பேரில் எப்போதும் ஒருவர் கரையில்தான் இருப்பார் என்றால் இரண்டு ஜாக்கெட் போதும். காசு போதாவிட்டால் துடுப்பில் குறையுங்கள், ஜாக்கெட்டில் குறைக்காதீர்கள். டெகாத்லானின் இடிவிட் போன்ற சாதாரண வகைகளே தாராளம். கார்ப்பெண்டர் யாராவது தெரிந்தவர் இருந்தால் கணு இல்லாத, நேர் நாருள்ள லேசான பலகையில் கிரீன்லாந்து மாதிரி ஒல்லி இலைத் துடுப்பே செதுக்கி வாங்கலாம். ஒரே துண்டு, கழல இணைப்பே கிடையாது. பஸ்ஸில் ஏற்ற முடியாது என்பதுதான் குறை. பி.வி.சி. பைப்பில் செய்யலாம் என்று சிலர் ஐடியா கொடுப்பார்கள். அது வளைகிற வளைவுக்குத் தூண்டில் செய்யலாம் :-)

மிச்சமெல்லாம் சின்ன விஷயம். நடுவில் மூன்று ஓட்டை இருந்தால் நடு ஓட்டையில் மாட்டுங்கள், இரண்டு இலையும் ஒரே தளத்தில் நிற்கும். மற்ற இரண்டும் எதிர்க்காற்றில் மணிக்கட்டைத் திருப்பி ஓட்டப் பழகியவர்களுக்கு. இலையின் குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். குழாயில் இரண்டு ரப்பர் வளையம் இருக்கும். அது அலங்காரம் அல்ல, தண்ணீர் வழிந்து மடியில் கொட்டாமல் தடுப்பது, இலைப்பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், முக்கியமாக இணைப்பின் உள்பக்கம். உப்பு பட்ட அலுமினியம் வெள்ளையாகப் பூத்து இறுகிக்கொள்ளும். எண்ணெய், கிரீஸ் போடாதீர்கள், மணல் வந்து ஒட்டிக்கொள்ளும். துடைத்து, நிழலில், பிரித்தே வையுங்கள். சோம்பல் பட்டு மாட்டியபடியே விட்டால், அடுத்த தடவை ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தெருவில் கயிறு இழுக்கும் போட்டி நடத்த வேண்டியிருக்கும்.