வட்டியில்லாத் தவணை

கைப்பேசிக் கடைகளில் இன்று கண்ணைக் கவரும் சொல் ‘வட்டியில்லாத் தவணை’ என்பதாகும். வட்டி ஹராமென அறிந்த நமக்கு அது ஆறுதலளிக்கிறது. ஆனால், இத்தகைய வங்கித் தவணைகளில் பூஜ்ய வட்டி என்பதே கிடையாதென ரிசர்வ் வங்கி 2013-இல் எடுத்துரைத்தது. வட்டிக்கு ஈடான தொகை விலையில் தள்ளுபடியாகக் காட்டப்படும்; கடன் அட்டைக் கணக்கிலோ வட்டியும், அதன்மீது 18 சதவீத வரியும் ஏறும். இல்லாத வட்டிக்கு வரி ஏது?

என் மகன் புதுக் கைப்பேசி கேட்டபோது, பணம் சேரும்வரை நான்கு மாதம் பொறுத்தோம். பின்னர், தவணைக்குரிய தள்ளுபடியை ரொக்கத்துக்கும் கேட்டேன்; கடைக்காரர் ஒரு பகுதியைக் குறைத்தார். பழைய கைப்பேசியின் குறையை மறைக்காது கூறி, மூன்று கடைகளில் விசாரித்து நல்ல விலைக்கு மாற்றினோம். பேரம் ஆகுமானது, பொய்யும் வட்டியும் ஆகா. பொறுத்து வாங்கிய பொருளில் பரக்கத் உண்டு.