கல்லூரிச் சாலையின் மைக்குகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் தாம்பரம் பக்கத்து முடிச்சூர்க்காரர்களுக்கு ஒரு கண் வானத்தில், ஒரு கண் டிவியில். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வானிலை ஆய்வு மையத்தில், மேஜையே தெரியாமல் சேனல் மைக்குகள் குவிந்திருக்கும். காற்றழுத்தத் தாழ்வு எங்கே நிற்கிறது என்று அதிகாரி சொல்வார். பாதி வீடுகளுக்கு அது வேண்டாம். நாளைக்கு ஸ்கூல் உண்டா? லீவு விடுவது கலெக்டர்தான். ஆனாலும், 2016இல் ஓய்வு பெறும்வரை பிள்ளைகளின் வேண்டுதலெல்லாம் அந்த மைக்குகள் முன்னால் பேசிய அதிகாரி எஸ்.ஆர். ரமணனிடம்தான்.

இந்த வளாகம் ஊருக்குச் சேதி சொல்லத் தொடங்கியது மைக் வருவதற்கு வெகுகாலம் முன்பு. 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வானாய்வுக்கூடம் கட்டியது. மைக்கேல் டாப்பிங் போட்ட திட்டம். 40 அடி நீளம், 20 அடி அகலம், ஒரே அறை. தொலைநோக்கிக் கருவி இம்மியும் அசையக்கூடாது என்று உள்ளே கருங்கல் தூணை நட்டார்கள்; எடை 10 டன். அறை போய்விட்டது, தூண் நிற்கிறது. அதில் லத்தீனோடு தமிழும் தெலுங்கும் வெட்டியிருக்கிறது. ஆசியாவில் கணித அறிவியலை நட்டவர்கள் தாங்கள்தான் என்று ஆயிரம் வருஷம் கழித்தும் ஊர் பேசவேண்டுமாம். ஆரியபட்டர் பிறந்த நாட்டில் வந்து!

தற்பெருமை இருக்கட்டும், வேலை சுத்தம். விண்மீன்கள் உச்சி கடப்பதைப் பார்த்துக் கணித்த மெட்ராஸ் நேரம் தந்தியில் போயிற்று; நாட்டின் ரயில்கள் அதன்படி ஓடின. 1802இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவைக்கும் தீர்க்கரேகை இங்கிருந்தே. 1899இல் விண்மீன் வேலை கொடைக்கானலுக்குப் போனது. மழைக்கணக்கு இங்கேயே தங்கியது.

அந்தக் கணக்கு காலை 8.30க்கு எடுப்பது. 2015 டிசம்பர் 2 காலையில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49. கனமழை என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் 49 என்று எண் வந்தபோது முடிச்சூரை ஒட்டிய வரதராஜபுரத்தில் கீழ்வீடுகள் முழுகிவிட்டன. இப்போது மாவட்டவாரியாக ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை வருகிறது. செங்கல்பட்டு மாவட்டம் என்றால் தாம்பரமும் உண்டு, மதுராந்தகமும் உண்டு. எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்பதை மைக் முன்னால் யாராலும் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள்.