உணர்விழந்த பாதங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில், கனத்த பாதுகாப்புக் காலணிக்குள் பாதத்தைப் புதைத்து, ஷிப்டு முழுதும் நின்றே ஜீவனம் நடத்தும் தொழிலாளர்களில் சர்க்கரை வியாதி கண்டவர்கள், காலின் எரிச்சலையும் மதமதப்பையும் வெறும் களைப்பென்று ஒதுக்கிவிடுவது என் மனத்தை மிகவும் வருத்துகிறது. சர்க்கரையால் நரம்பு நலிந்த பாதத்தில் ஆணி தைத்தாலும் தெரிவதில்லை. வலி இல்லாமையே அங்கே பேராபத்து.

1946-இல் வேலூருக்கு வந்து குஷ்டரோகிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட், அவர்களுடைய விரல்களைப் பெரிதும் சிதைப்பவை உணர்விழந்த உறுப்பு அறியாமல் படும் காயங்களே என்று கண்டு, அந்த ஞானத்தைப் பிற்காலத்தில் அமெரிக்காவில் நீரிழிவுக்காரரின் பாதங்களுக்கும் பிரயோகித்தார் என்பதை நம் பக்கத்தார் பலர் அறியார்.

இத்தகைய பாதங்களுக்குச் செய்யும் இயன்முறை மருத்துவம் பட்டுப்போன நரம்பை உயிர்ப்பித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும், கணுக்காலைச் சுழற்றுவதும், சுவரைப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும், முறையாகக் கற்று நித்தியம் செய்தால், தசைக்கு வலுவையும் நடைக்கு நிதானத்தையும் தரும். புண் இருந்தால் முதலில் மருத்துவரைக் காண்பது அவசியம். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. சூடறியாத தோல் வெந்துபோகும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கியிருக்கிறது. ஷிப்டு முடிந்து திரும்பும் அன்பர்களே, இன்றிரவே காலுறையைக் கழற்றி, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள்.