பூசாத சுவர்

கவுன்சிலிங் எங்கே நடக்கிறது என்று விசாரித்துக்கொண்டே கிண்டி வளாகத்துக்குள் நடந்தபோதுதான் அந்தச் சிவப்புக் கட்டிடத்தைப் பார்த்தோம். வெள்ளிமலையில் ஏறி, கச்சிராயபாளையம், கள்ளக்குறிச்சி என்று பஸ் மாறி, ராத்திரி பூரா தூங்காமல் வந்திருந்தோம். எனக்குக் கட் ஆஃப் கவலை. அப்பா நேராகப் போய்ச் சுவரில் கை வைத்தார்.

"பூசவே இல்ல பாருடா. கல்ல நம்பி அப்படியே வுட்டிருக்கான்."

மரவள்ளிக் காட்டில் வேலை இல்லாத மாதங்களில் கொத்து வேலைக்குக் கீழே இறங்குகிறவர் அவர். பூச்சு இருந்தால் கொத்தனாரின் தப்பை மூடிவிடலாம். இதில் ஒவ்வொரு செங்கல்லும் ஒரே அளவில், ஒரே பதத்தில் வெந்திருக்க வேண்டும், வரிசை நூல் பிடித்த மாதிரி போக வேண்டும் என்றார். வளைவுகளைக் காட்டி, மேலே இருக்கும் பாரத்தை அது எப்படி ரெண்டு பக்கமும் தள்ளி இறக்குகிறது என்று விளக்கினார். நான் பிறகு நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தேன். வளைவைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. (நான் படித்தது கம்ப்யூட்டர் என்பது வேறு விஷயம்.)

கிண்டியில் எனக்கு சீட் கிடைக்கவில்லை. அந்தக் கட்டிடத்தின் கதையும் ரொம்பப் பிற்பாடு, வேலைக்குச் சேர்ந்து சென்னையில் ரூம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. கட்டிடம் 1920-ல் வந்தது. பள்ளிக்கூடம் அதைவிடப் பழசு. 1794-ல் மைக்கேல் டாப்பிங் என்ற சர்வேயரின் முயற்சியால், நிலம் அளக்கக் கற்றுக்கொடுக்க, எட்டுப் பையன்களோடு ஆரம்பித்த சர்வே பள்ளி அது. 1859-ல்தான் காலேஜ் ஆனது. பள்ளி தொடங்கி எட்டு வருஷத்தில், 1802-ல், பக்கத்துப் பரங்கிமலையில் லாம்டன் நூறடி எஃகுச் சங்கிலியைப் போட்டு ஏழரை மைல் நீளத்துக்குக் கோடு அளந்தார். இந்தியாவை அளக்கும் வேலை அந்தக் கோட்டிலிருந்து வளர்ந்தது.

போன வாரம் அப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இத்தன வருசமா அளக்கப் படிச்சிருக்கானுவ. நம்ம காட்டுக்கு மட்டும் சங்கிலி வரலியா?"

கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த வருஷம் அவர் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன். தாத்தா உழுத அதே காட்டுக்கு இன்னும் பட்டா கேட்டு அலைகிறார். ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு ரசீது. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன்.

"சரி, வெய்யி. நாளைக்கு மனு நாளு, மொத பஸ்ஸப் புடிக்கணும்."